எடை பார்த்தவர்

உக்காருங்கம்மா, நான் ஜன்னலோரம் தள்ளிக்கிறேன். எடம் போதும்ல? வத்தலக்குண்டு போகணும், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸு மாறணும். நீங்களும் வத்தலக்குண்டா? அப்பச் சரி.

காய்ச்சல் எல்லாம் இல்லம்மா. மொகம் அப்படியா இருக்கு? கோர்ட்டுக்கு வந்துட்டுப் போறேன், அதான். காலைல பத்து மணிக்கு வந்து உக்காந்தது, ரெண்டரைக்குத்தான் கூப்பிட்டாங்க. அய்யய்யோ, நான் ஒண்ணும் பண்ணலம்மா. சாட்சி. கூண்டுல ஏறி, கேட்டதுக்குப் பதிலச் சொல்லிட்டு எறங்கிட்டேன். கால் மணி நேரம் ஆகியிருக்காது. ஏறுறதுக்கு முன்னாடி ரொம்பப் பயந்துட்டேன். எறங்குன பெறகு ஒண்ணுமே இல்ல. பசிக்கல, அழுகை வரல, பயமும் இல்ல. பல்லுப் பிடுங்க ஊசி போட்டா ஒரு பக்கமே மரத்துக் கெடக்குமே, அப்படி இருக்கு.

சின்னப் புள்ளைங்க கேசும்மா. அந்தப் புள்ள பேரச் சொல்ல மாட்டேன். பேரு ஊரு எதையும் வெளிய விடக்கூடாதுன்னு இன்ஸ்பெக்டரம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க. நானும் இன்ன வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்த விசயத்துல நான் ரொம்பக் கறார்.

எனக்கு வேலை சத்துணவுக் கூடத்துல சமையலு. பத்தொம்பது வருசமாச்சு. அதே ஸ்கூல் கிரவுண்டுலதான் சாயங்காலம் கபடி கிளப்புக்காரங்க புள்ளைங்களுக்குப் பயிற்சி குடுப்பாங்க. ஸ்கூலு வேற, கிளப்பு வேற. கிரவுண்டும் ஸ்டோர் ரூமும் மட்டும்தான் ஸ்கூலோடது. எட்டு வருசத்துக்கு முன்னாடி என் மக பிரின்சியும் அந்த டீம்ல ஆடுனா. பொம்பளப் புள்ளைங்க டீமுன்னா கூட ஒரு பொம்பள இருந்தே ஆகணும்னு கபடிச் சங்கத்துல சட்டம். லேடி மேனேஜர்னு சொல்லுவாங்க. வேற தாய்மாருங்க யாரும் வரமாட்டேன்னுட்டாங்க. நான் அங்கயே சமைக்கிறவ, மகளும் டீம்ல இருக்கா, அதனால நீங்களே இருங்கன்னு பயிற்சி குடுக்குற மாஸ்டரு சொன்னாரு.

மேனேஜரம்மா, மேனேஜரம்மான்னு எல்லாரும் கூப்பிடுவாங்கம்மா. அதுவரைக்கும் என்னைய ஆயான்னுதான் கூப்பிடுவாங்க. முதுகுல இங்கிலீசுல மேனேஜர்னு எழுதுன டீசர்ட்டு ஒண்ணு குடுத்தாங்க. அதைச் சேலைக்கு மேல மாட்டிக்கிட்டு போட்டோவுல நிப்பேன். எங்க வீட்டுக்காரரு சிரிப்பாரு. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாரு.

வேலை என்னன்னா, வெளியூருக்கு ஆடப் போனா புள்ளைங்க கூடப் போகணும், கூடப் படுக்கணும், அதுங்க பாத்ரூம் போனா வாசல்ல நிக்கணும். அதெல்லாம் ஒழுங்காச் செஞ்சேன். ஒரு குறை சொல்ல முடியாது. அதோட எடை பாக்கணும். எடைன்னா உங்களுக்குத் தெரியாது. சப் ஜூனியர் பொம்பளப் புள்ளைங்க அம்பத்தஞ்சு கிலோவுக்கு மேல இருந்தா ஆட விட மாட்டாங்க. ஒரு நூறு கிராம் கூடனாலும் வெளியதான். அதனால கிளப்புலயே முன்கூட்டி எடை பாத்து நோட்டுல எழுதணும். லேசான துணியோட ஏறி நிக்கணும்ல, அதனால பொம்பளதான் பாக்கணும். நோட்டுல கோடு போட்டிருப்பாங்க. தேதி, பேரு, எடை, கடைசில எடை பார்த்தவர். அந்தக் கடைசிக் கட்டத்துல என் கையெழுத்து இருக்கணும்.

முதல் வருசம் நான்தான் பாத்தேன். முள்ளு ஆடுற மெஷினு. குனிஞ்சு நேருக்கு நேரா பாக்கணுமாம், எனக்கு அது தெரியாது. இடுப்பு வலின்னு பக்கத்துல நின்னபடியே பாத்து எழுதிட்டேன். ஒரு வெளியூர் டோர்னமெண்டுக்குப் போனோம். அங்க ஏத்தி நிறுத்துனா எங்க நல்ல ஆட்டக்காரி ஒருத்தி அம்பத்தஞ்சு கிலோ அறுநூறு கிராம். நான் எழுதுனது அம்பத்தி நாலே முக்கா. அவளை வெளிய நிறுத்திட்டாங்க. டீமே தோத்துச்சு. புள்ளைங்கள்லாம் என்னையப் பாத்துப் பாத்து அழுதுச்சுங்க. எனக்கு அந்த எடத்துலயே பூமி பொளந்து உள்ள போயிரலாமான்னு இருந்துச்சு.

மாஸ்டர் ஒரு வார்த்தை வையலம்மா. அவரு வைஞ்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். டீ வாங்கிக் குடுத்தாரு. 'விடுங்க மேனேஜரம்மா, இனிமே எடைய நானே பாத்துக்குறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க'ன்னாரு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இன்னொரு தடவ என்னால அந்தப் பழிய ஏத்துக்க முடியாதுன்னு நானே அவருக்கு நன்றி சொன்னேன். அன்னையில இருந்து சனிக்கிழமையானா நோட்டு என் சமையக் கூடத்துக்கு வந்துரும். அரிசி மூட்டை மேல வச்சு ஆறு நாளைக்கும் சேத்துக் கையெழுத்துப் போட்டுருவேன். ஜெசிந்தா, ஜெசிந்தா, ஜெசிந்தான்னு. கையெழுத்து அழகா இருக்கும்மா எனக்கு.

பெறகு நம்பர் எரியுற மெஷினு வாங்கிட்டாங்க. அதை ஒண்ணாங்கிளாஸ் புள்ள கூடப் படிச்சுரும். ஆனா பழகிப்போச்சு. அவரும் குடுங்கன்னு சொல்லல, நானும் கேக்கல.

நல்ல மனுசன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நானும் சொன்னேன். பீடி சிகரெட்டு கிடையாது. ஒவ்வொரு புள்ளைக்கும் சர்டிபிகேட்டுக்கு அலைவாரு. என் மக இன்னைக்குப் போலீசுல இருக்கான்னா அவராலதான், விளையாட்டுக் கோட்டால கெடைச்சது. அவளும் கடைசி வருசம் கபடி வேணாம் வேணாம்னு ஒரே அடம். கிரவுண்டுக்குப் போகணும்னாலே வயித்து வலிம்பா. வெளக்கமாத்தால ரெண்டு போட்டு இழுத்துட்டுப் போய் விட்டேன். அன்னைக்கு அப்படி விட்டதாலதான இன்னைக்குச் சொந்தக் கால்ல நிக்கிறா.

அந்தப் புள்ள வந்து ரெண்டு வருசந்தான் ஆச்சு. எட்டாவது படிக்கையில சேந்துச்சு. ஓடி வந்து கோட்டத் தொட்டுட்டுத் திரும்புறதப் பாத்தா நீங்களே கை தட்டுவீங்க. எடையிலதான் சிக்கல். எப்பவும் அம்பத்தி நாலரை, அம்பத்தி நாலே முக்காலு. அம்பது கிலோவுக்குக் கீழ உள்ள புள்ளைங்களுக்கு வாரத்துக்கு ஒரு நாள் எடை. அம்பத்தஞ்சுக்குப் பக்கத்துல நிக்கிறவங்களுக்குத் தினமும். நாலரை மணிக்கு ஸ்டோர் ரூமுக்குப் போகணும். அங்கதான் மெஷினு இருக்கும், கபடிக்கு விரிக்கிற மேட்டெல்லாம் அடுக்கியிருக்கும். எனக்கு அந்நேரம் அண்டா கழுவுற வேலை.

திடீர்னு பாத்தா அந்தப் புள்ள மத்தியானம் சாப்பிடுறதக் கொறைச்சுருச்சு. முட்டைய எடுத்து அடுத்த புள்ள தட்டுல வச்சுரும். சோத்த அளைஞ்சுக்கிட்டே இருக்கும். தண்ணி கூடக் குடிக்காது. நான் மத்த புள்ளைங்ககிட்ட பெருமையாச் சொன்னேன். பாருங்கடி, இவளப் பாருங்க, வாயக் கட்டுறா பாருங்க, இவ இந்தியாவுக்கே ஆடுவான்னேன். இப்ப இன்ஸ்பெக்டரம்மா சொல்லித்தான் தெரியுது, அம்பதுக்குக் கீழ எறங்கிட்டா தினமும் அந்த ரூமுக்குப் போக வேணாம்ல, அதுக்குத்தானாம்.

எனக்கு எப்படிம்மா தெரியும்?

இல்ல, எங்கிட்ட வந்துச்சு. வரலன்னு சொல்ல மாட்டேன். ஒரு நாள் அண்டா கழுவிக்கிட்டு இருக்கேன், வந்து நின்னுச்சு. 'பெரியம்மா, இன்னைக்கு நீங்க எடை பாருங்க பெரியம்மா'ன்னுச்சு. எனக்குப் பழைய ஞாபகம் வந்துருச்சு, அந்த அறுநூறு கிராமு. 'எனக்கு அது சரிப்பட்டு வராதுடி'ன்னேன். போயிருச்சு. அடுத்த வாரம் திரும்ப வந்துச்சு. 'நீங்க பாக்க வேணாம், கூட வந்து சும்மா நில்லுங்க'ன்னுச்சு. 'மெஷின்ல ஏறி நிக்கிறதுக்கு உனக்குத் துணைக்கு ஆளு வேணுமாக்கும், மகாராணி'ன்னு கேலி பண்ணேன். கூட இருந்த புள்ளைங்கள்லாம் சிரிச்சுச்சு. மூணாவது தடவயும் வந்துச்சு. கழுவுன கரண்டிய எல்லாம் எடுத்துத் தொடைச்சுக் குடுத்துக்கிட்டே நின்னுச்சு. நாலரை தாண்டியும் நிக்கிது. 'போடி, மாஸ்டர் வைவாரு'ன்னு நான்தான் தோளைப் பிடிச்சுத் திருப்பி அனுப்புனேன்.

அது தோளு எலும்பு கையில தட்டுப்பட்டுச்சு. இப்பவும் தெரியுது.

பெறகு ஒரு நாள் காலைல கிளாஸ்ல மயக்கம் போட்டு விழுந்துருச்சு. டீச்சரம்மா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அங்க ஒரு லேடி டாக்டரு, ஏம்மா சாப்பிட மாட்டேங்குறன்னு கேட்டிருக்காங்க. ஒருத்தரும் கேக்காதத அவங்க கேட்டிருக்காங்க. எல்லாத்தையும் சொல்லிருச்சு. அவங்களே போலீசுக்குச் சொல்லி, மாஸ்டர அன்னைக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க.

இன்ஸ்பெக்டரம்மா எங்கிட்ட வந்து, எடை யாரு பாத்ததுன்னு கேட்டாங்க. மாஸ்டர்தான்னேன். நீங்க கூட இருப்பீங்களான்னாங்க. இருக்க மாட்டேன், சனிக்கிழமை கையெழுத்து மட்டும் போடுவேன்னேன். அப்ப யோசிக்கத் தோணல, உள்ளதச் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க.

பெறகுதான் கிளப்பு செயலாளரு பால்சாமிண்ணே வீட்டுக்கு வந்தாரு. மெரட்டலெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, ஆப்பிளு வாங்கிட்டு வந்தாரு. பொறுமையாச் சொன்னாரு. 'மேனேஜரம்மா, நீங்க எடை பாக்கலன்னு சொன்னா ஏழு வருசக் கையெழுத்தும் பொய்யாயிரும். மாஸ்டரோட சேத்து உங்களையும் உள்ள வைப்பாங்க. சத்துணவு வேலை போயிரும். உங்க மக சர்டிபிகேட்டும் இதே கிளப்பு குடுத்ததுதான், அதையும் தோண்டுவாங்க. நீங்க புதுசா எதையும் சொல்ல வேணாம். நோட்டுல உள்ளத ஒத்துக்கிட்டாப் போதும்'னாரு. நியாயமாத்தான் பட்டுச்சு.

மகளுக்கும் போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுக்கிட்டா. பெறகு, 'இன்னும் அந்த ஸ்டோர் ரூம்லதானாம்மா எடை பாக்குறாங்க?'ன்னா. 'ஆமாடி, வேற எங்க எடம் இருக்கு'ன்னேன். வச்சுட்டா. டூட்டிக்குக் கூப்பிட்டிருப்பாங்க. அதுல இருந்து மூணு மாசமா நான் போட்டா எடுக்க மாட்டேங்குறா. கிறிஸ்துமஸுக்கும் வரல. போலீசு வேலைன்னா லீவே கெடைக்காதாம்மா.

உங்களுக்குக் காத்து அடிக்குதா? ஜன்னல வேணா மூடிடுறேன்.

இன்னைக்கு உள்ள போறதுக்கு முன்னாடி அரசாங்க வக்கீல் சாரு என்னையத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. போன மாசம் அந்தப் புள்ளைய விசாரிச்சாங்களாம். மாஸ்டரோட வக்கீலு நோட்டக் காட்டி, இதுல பூராம் மேனேஜரம்மா கையெழுத்து இருக்கே, அப்ப நீ சொல்றது பொய்தானன்னு கேட்டிருக்காரு. அதுக்கு அந்தப் புள்ள, 'பெரியம்மாவக் கேளுங்க, அவங்க சொல்லுவாங்க'ன்னு சொல்லியிருக்கு. அதனால இந்தக் கேஸே உங்க வாய்லதாம்மா இருக்கு, ஸ்டேஷன்ல சொன்னத அப்படியே சொல்லுங்கன்னாரு. சரிங்க சார்னேன்.

மாஸ்டர் ஓரமா நின்னாரு. இளைச்சுப்போயிட்டாரு. என்னையப் பாத்துக் கும்பிட்டாரு. எனக்குப் பாவமா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். கடவுள் பேரால சத்தியம் வாங்குனாங்க. அரசாங்க வக்கீலு, எடை பாத்தது யாருன்னாரு. நான்தான்னேன். அவரு அப்படியே என்னையப் பாத்தாரு. போலீசுல வேற மாதிரி சொல்லியிருக்கீங்களேன்னாரு. ஞாபகம் இல்லன்னேன். ஜட்ஜம்மா கண்ணாடியக் கழட்டிட்டு, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னாங்க. யோசிச்சுத்தான் சொல்றேன்னேன். பிறழ் சாட்சின்னு எழுதச் சொன்னாங்க. அது என்னைய வைஞ்சதா என்னன்னு தெரியல.

அடுத்து மாஸ்டரோட வக்கீலு வந்தாரு. நோட்டக் காட்டி, இது உங்க கையெழுத்தான்னாரு. ஆமான்னேன். என் கையெழுத்துதானம்மா, அதுல என்ன பொய்யி இருக்கு? எல்லா நாளும் நீங்கதான் கூட இருந்து எடை பாத்தீங்க, சரியான்னாரு. ஆமான்னேன். மாஸ்டர் தனியா எந்தப் புள்ளையோடயும் அந்த ரூம்ல இருந்ததே இல்ல, சரியான்னாரு. அதுக்கும் ஆமான்னுட்டேன். முதல் ஆமாதான் கஷ்டமா இருந்துச்சு. அடுத்த ரெண்டும் தன்னால வந்துருச்சு.

எறங்கி வர்றப்ப அரசாங்க வக்கீலு சாரு கதவோரம் நின்னு, 'மனசு மாறுனா சாயங்காலம் ஆறு வரைக்கும் ஆபீஸ்ல இருப்பேன்மா, வாங்க, திரும்ப விசாரிக்கச் சொல்லி மனுப் போடலாம்'னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. அவரு வைஞ்சிருக்கலாம்.

இந்த மாதிரி கேசுல கதவச் சாத்தித்தான் விசாரிப்பாங்க. வெளிய உள்ளவங்களுக்கு உள்ள நடந்தது தெரியாது. அந்தப் புள்ளையோட அம்மா வராண்டாவுல உக்காந்திருந்துச்சு. தோட்டத்துல பூப்பறிக்கிற வேலைக்குப் போறது, ஒரு நாள் கூலிய விட்டுட்டு வந்திருக்கு. என்னையப் பாத்ததும் ஓடி வந்து ரெண்டு கையையும் பிடிச்சுக்கிச்சு. 'அக்கா, நீங்க வந்ததே பெரிசுக்கா. ஊருல ஒருத்தர் எங்க பக்கம் நிக்கல. நீங்க ஒருத்தர்தான்க்கா'ன்னு அழுகுது. சரிம்மா சரிம்மான்னேன். விடவே இல்ல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்து வந்துச்சு. என் பையக்கூட அதுதான் தூக்கிட்டு வந்துச்சு.

இந்தா, நீங்க ஏறுறதுக்குக் கொஞ்ச முன்னாடிதான், நான் இந்த ஜன்னலோரம் வந்து உக்காந்ததும், கீழ நின்னுக்கிட்டு தன் மகளுக்குப் போன் போட்டு என் கையில குடுத்துச்சு. 'பேசுங்கக்கா, காலைல இருந்து உங்களத்தான் கேட்டுக்கிட்டு இருக்கா'ன்னுச்சு. வாங்கலன்னா நல்லா இருக்காதுல்ல. வாங்குனேன்.

'பெரியம்மா, சொல்லிட்டீங்களா?'ன்னுச்சு.

'சொல்லிட்டேன்டா'ன்னேன்.

அந்தப் பக்கம் அழுதுச்சா சிரிச்சுச்சான்னு தெரியலம்மா, ஒரே ஹார்ன் சத்தம். வெளியூர் பள்ளிக்கூடத்துல சேத்திருந்தாங்க, அங்கயும் யாரோ கேட்டிருக்காங்க, மாஸ்டர் மேல பொய்க் கேசு போட்டவ இவதானன்னு. ரெண்டு மாசமாப் போகாம வீட்டுலயே இருக்கு.

'அப்ப இனிமே என்னையப் பொய்க்காரின்னு யாரும் சொல்ல மாட்டாங்கல்ல பெரியம்மா? நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகவா?'ன்னுச்சு.

போடான்னேன்.

வேற என்னம்மா சொல்றது, நீங்களே சொல்லுங்க. யூனிபார்ம் தொவைக்கணும்னு சொல்லிட்டு வச்சிருச்சு.